நான் மொழிபெயர்த்த சாம்பல்தீவு

இங்கிலிஷ் படித்த மருமகள் வந்தால் அரசாங்கக் கந்தோர் அலுவல்களுக்கு வெளியாரிடம் போய் நிற்கத் தேவையில்லை என்று என் மாமியார் நம்பியிருந்தார். கலியாணமான மூன்றாம் மாதமே அந்த நம்பிக்கைக்கு முடிவு கட்டியவள் நான்.

எழுபதுகளின் கடைசி. திருகோணமலைத் துறைமுகத்தில் இரும்பு ஒட்டும் வெல்டிங் வேலை செய்துகொண்டிருந்த என் கணவருக்குக் குவைத்தில் வேலை சரிவந்தது. அவருடைய பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை இங்கிலிஷில் மொழிபெயர்த்து, கொழும்பில் உறுதிப்படுத்தி முத்திரை வாங்கினால்தான் விசா. அதற்கென்று சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நகரத்தில் இருந்தார். அவருக்கு எதற்கு வீண் கரைச்சல், நானே எழுதுகிறேன், அவர் கையெழுத்து மட்டும் வைக்கட்டும் என்றேன். (கொன்வென்ற் பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள் நான். தலைப்பு: பசு.)

குசினி மேசையில் அகராதியை விரித்தேன். பிறந்த இடம், திருகோணமலைக்குப் பக்கத்துச் சாம்பல்தீவு; பெயரில் மட்டும்தான் தீவு. மொழிபெயர்ப்பு என்றால் ஒன்றையும் மிச்சம் விடக்கூடாது என்பது அப்போதைய என் கொள்கை. சாம்பலுக்கு 'ஆஷ்', தீவுக்கு 'ஐலண்ட்'. ஆஷ் ஐலண்ட் என்று அழகாக எழுதினேன். மாமனாரின் பெயர் பொன்னம்பலம். பொன்னில் கைவைக்கப் போனேன்; பெரிய மனிதராயிற்றே என்று விட்டுவிட்டேன்.

மொழிபெயர்ப்பாளர் அன்று ஒரு கலியாண வீட்டுக்குப் புறப்பட்டு நின்றார். கொன்வென்ற் பிள்ளை எழுதியது என்றதும் வாசிக்காமலே கையெழுத்து வைத்து முத்திரையையும் குத்திவிட்டார்.

என் கணவர் தனியாகக் கொழும்புக்குப் போனார். அங்கே தமிழ் வாசிக்கத் தெரியாத அதிகாரி ஒருவர், அரைகுறைத் தமிழில், ஆஷ் ஐலண்ட் எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். இங்கிலிஷ் தெரியாத என் கணவர், எனக்குத் தெரியாது என்றிருக்கிறார். பிறந்த இடம் தெரியாத ஆளை என்ன செய்வது? வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கான யன்னலுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே இருந்தவர், இலங்கைக்கு எப்போது வந்தீர்கள் என்று கேட்டாராம்.

"பிறந்த நாள் தொடக்கம் இஞ்சதான்."

"விசா இருக்கோ?"

"அது எடுக்கத்தான் வந்தனான்."

அந்தத் தீவுக்குக் கப்பலிலா போவது என்ற கேள்விக்கு, பஸ்ஸில் என்று உண்மையைச் சொன்னதுதான் இன்னும் மோசமாகப் போயிற்று. கடைசியில் தமிழ் தெரிந்த எழுதுவினைஞர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் இரண்டு பத்திரங்களையும் பக்கத்தில் வைத்து வாசித்துவிட்டு, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாராம்.

முத்திரை கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்த கணவர் கதிரையில் அமர்ந்து ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார்.

"நீர் கெட்டிக்காரிதான். ஓம். ஆனா என்ர ஊரை என்ன செய்தனீர்?"

அகராதியை எடுத்துக் காட்டினேன். அது அவருக்கு ஆறுதல் தரவில்லை. விஷயம் விளங்கிய மாமியார் (அவரும் அதே ஊரில் பிறந்தவர்) ஊரில் இருக்கிற மற்றச் சனத்துக்கும் இதனால் ஏதும் பிரச்சினை வருமோ என்று கவலையோடு கேட்டார்.

கூடப் போக இருந்தவர்கள் அவரை விட்டுவிட்டுக் குவைத்துக்குப் பறந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் இந்த முறை தானே இருந்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதித் தந்தார். இவர் அடுத்த தொகுதி ஆட்களோடுதான் போனார்.

போன மாதம் மகளின் கலியாண அழைப்பிதழை இங்கிலிஷில் எழுதிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீடு கப்பல்துறை. கண்டி வீதியில், உள்ளுக்கு இருக்கிற ஊர். என் கணவர் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார்.

"சம்பந்தியாக்கள் பாவம், கடலுக்குள்ள தள்ளிப் போடாதையும். ஊரை ஊராவே விடும்."