முதலாளியின் தொப்பியும் மெழுகு ஆப்பிளும்

டொலிடோ,
1911 நவம்பர், திங்கட்கிழமை

அன்பு மிகுந்த லவீனியா அக்காவுக்கு, தம்பி வென்டெல் வணக்கத்துடன் எழுதுவது. நீயும் அத்தானும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். என் சுகத்தை மட்டும் கேட்காதே.

நாடகக் கொட்டகை வழக்கம் உனக்குத் தெரியும். திங்கள் பகல் ஆட்டம் சொதப்பினால் முதலாளி திட்ட மாட்டார். வாசலில் மாட்டிய நம் புகைப்படத்தைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவார். அப்புறம் குளிர்காலம் முழுக்க எந்த ஊர்க் கொட்டகையும் நம்மைச் சேர்க்காது. அந்தப் பயத்தில்தான், கூட்டம் வரட்டுமென்று பேஸ்பால் பந்துவீச்சாளர் க்ளைட் பர்டிக்கை ஜோடி சேர்த்தேன். அவர் பழக்காரர், நான் தாடிக்கார வாடிக்கையாளர். இரண்டு வரி பேசி ஒரு பாட்டுப் பாட வேண்டும், அவ்வளவுதான். இன்று திரை தூக்கியதும் மனிதர் மெழுகு ஆப்பிளைப் பிடித்தபடி கல்லாய்ச் சமைந்துவிட்டார். சபையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. எனக்குப் பின்னால், மேடையோர மாடத்தில், முதலாளி ஸ்ட்ராஸர் தொப்பியோடு உட்கார்ந்திருக்கிறார்.

"பேசுய்யா!" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எப்படிய்யா பேசறது? ஒருத்தனும் திட்ட மாட்டேங்கறானே! மைதானத்துல முட்டாப்பயலேன்னு கத்துவான், எனக்கும் ரோஷம் வரும். இங்க எழவு வீடு மாதிரி இருக்கு!"

அந்த நேரம் பார்த்து ஒட்டுத்தாடிப் பசை அரித்தது. காதை இழுத்து மூக்கைச் சொறிந்தேன். படுபாவி, பந்து பிடிப்பவன் எறியச் சொல்லிக் காட்டும் சைகை என்று நினைத்துவிட்டார்! காலைத் தூக்கி, உடம்பை முறுக்கி, விட்டார் பார் ஒரு வீச்சு! நான் குனிந்தேன். ஆப்பிள் முதலாளியின் தொப்பியை அள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் அறைந்தது.

"டேய் முட்டாப்பயலே, ஆளை விட்டுட்டியேடா!" என்று மேல்வரிசையில் ஒருவன் கத்தினான். பர்டிக் முகத்தில் உயிர் வந்தது. பேசினார், பாடினார், யாரும் கேட்காமலே மறுபடியும் பாடினார்.

ஆட்டம் முடிந்ததும் முதலாளி புகைப்படத்தை நீட்டினார். என்னுடையதை மட்டும்.

"அவன் இருக்கட்டும். நீ எதுக்குய்யா குனிஞ்சே?"

அழுதுவிட்டேன் அக்கா. இனி செத்தாலும் மேடை ஏற மாட்டேன். அத்தானின் இறைச்சிக் கடையில் எனக்கும் ஒரு கத்தி எடுத்து வைக்கச் சொல். வியாழன் ரயிலில் வருகிறேன். அத்தான் முழங்கால் வலி பனிக்கு முன் தீரட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உன் தம்பி,
வென்டெல்

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடு. மாலை ஆட்டத்துக்குச் சீட்டு வாங்க வருகிறவர்களெல்லாம், "தொப்பி ஆட்டம் உண்டா?" என்றே கேட்கிறார்களாம். முதலாளி தன் தலையைத் தர மறுத்துவிட்டார்; இனி தொப்பி என் தலையில். என் படம் மறுபடி வாசலில், முன்னைவிடப் பெரிதாக. அத்தான் கடையில் கொழுப்பு உருக்கும் சின்ன இரும்புச் சட்டியை உடனே அனுப்பு, தொப்பிக்கடியில் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். அது வரும்வரை மூக்கு அரித்தாலும் சொறியாமல் நிற்கிறேன்.