வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பார்ப்பவர்

செடி நடுகிறவர்கள் ஓர் இனம். நட்ட செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் ஓர் இனம். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு: நட்டது வேர் பிடித்திருக்கிறதா என்று பிடுங்கிப் பார்க்கிறவர்கள். இவர்களுக்கு இன்னும் சங்கம் கிடையாது. இருந்திருந்தால் கொடியேற்றிய மறுநிமிடமே கம்பத்தைப் பிடுங்கி, குழி போதிய ஆழம்தானா என்று பார்த்திருப்பார்கள்.

இவர்களை உங்களுக்குத் தெரியும். அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருக்கும்போது மூடியைத் திறந்து, விரலால் ஒரு குத்து குத்தி, ஆவி எல்லாம் போன பிறகு “இன்னும் வேகலையே” என்று வருத்தப்படுகிறவர், தையல் போட்ட காயத்தின் கட்டை அவிழ்த்து, ஆறிவிட்டதா என்று அழுத்திப் பார்க்கிறவர், தூங்குகிறவனைத் தட்டி எழுப்பி “நல்ல தூக்கமா?” என்று விசாரிக்கிறவர், ஊருக்கு அனுப்பக் கட்டிவைத்த மக்ரூன் பெட்டியைப் பிரித்து, உடையாமல் இருக்கிறதா என்று சோதித்து, சோதனையில் உடைந்ததைத் தானே தின்கிறவர், உப்பளப் பாத்தியில் உப்பு பூக்கிற நேரம் பார்த்து உள்ளே காலை விட்டுத் துழாவுகிறவர். கெட்ட எண்ணமா? சேச்சே. எல்லாம் அக்கறை. கெட்ட எண்ணம் இருந்தால் கையைத் தட்டிவிடலாம். அக்கறையை என்ன செய்வது?

எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் மாசானம் அண்ணாச்சி. கொற்கைப் பக்கத்து நெல்வயல் குடும்பம். தூத்துக்குடிக்கு வந்து உரக்கடை போட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது என்றாலும், மண்ணைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் “நாங்க ஆத்துத் தண்ணியில வெளஞ்சவங்க” என்று ஆரம்பித்துவிடுவார். விளைந்தது நெல்லா இவரா என்று கேட்டால் கோபம் வரும். நான் கேட்டிருக்கிறேன். வந்தது.

எங்கள் தெருமுனையில் ஒரு நீள மதில். அதற்குள் ஒரு முற்றம். அங்கே ஒரு காலத்தில் கப்பலில் வந்து இறங்கிய சுரங்கத் தாதுவை மலை மலையாகக் குவித்துவைத்திருந்தார்கள். எந்த நாட்டுச் சுரங்கம் என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிக்கொடுத்த அன்றைக்கு நான் கடற்கரையில் வேறு படிப்பில் இருந்தேன். தாது போய்விட்டது, தூள் போகவில்லை. மண்ணில் செம்பும் துத்தநாகமும் ஊறிக் கிடந்தன. புல்கூட எட்டிப் பார்க்காது. காற்றடித்தால் இசக்கியம்மாள் அக்கா காயப்போட்ட வெள்ளைத் துணி எல்லாம் சாம்பல் நிறம்; அவள் மகள் மூன்று வயதிலேயே கிழவி மாதிரி இருமுவாள். சுரங்கம் எங்கேயோ, இருமல் எங்கள் தெருவில்.

அந்த மதிலடியில் யாரும் விதைக்காமல் ஒரு கொளுஞ்சிச் செடி முளைத்து நின்றதை ஜெயபிரியா கண்டுபிடித்தாள். எங்கள் தெருப் பெண்தான். கல்லூரியில் ஆராய்ச்சிப் படிப்பு. கொளுஞ்சி வேரில் மிளகு அளவில் முடிச்சுகள் இருக்கும். அதற்குள் பாக்டீரியா குடித்தனம் நடத்தும். காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்து அது செடிக்குச் சோறாக்கிப் போடும். செடி அதற்கு இனிப்பு கொடுக்கும். முடிச்சை அறுத்தால் உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும். இருந்தால் சமையல் நடக்கிறது என்று அர்த்தம். கடையில் பாக்கெட்டில் கிடைக்கும் பாக்டீரியா இந்தச் சுரங்க மண்ணில் செம்பைத் தின்று செத்துப்போகும். மதிலடிச் செடியின் பாக்டீரியாவோ இந்த விஷத்திலேயே பிழைக்கக் கற்றுக்கொண்ட ஜாதி. அதை எடுத்து வளர்த்து, வடிகஞ்சியில் குழைத்து, கொளுஞ்சி விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி, உள்ளே ஒரு வரிசை நட்டாள். பக்கத்திலேயே அண்ணாச்சி கடையில் வாங்கிய பாக்கெட் பாக்டீரியா தடவிய விதை இன்னொரு வரிசை.

முற்றத்தை நிர்வகிக்கும் கம்பெனி அதிகாரி பாஸ்கல் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். “பூக்கிற நேரம் வந்து பாப்பேன். வரிசை நின்னா முற்றம் முழுக்க விதைச்சு மண்ணை மூடுங்க. நிக்கலைன்னா மறுபடி தாது இறக்கிருவோம்மா. ஒண்ணும் முளைக்காத இடத்தைச் சும்மா போட்டுவைக்க முடியாது.”

அவ்வளவுதான் விஷயம். வரிசை நிற்க வேண்டும். நின்றிருக்கும். அண்ணாச்சி காலைநடை போகாமல் இருந்திருந்தால்.

“ஏளா ஜெயபிரியா, முடிச்சு வச்சிட்டா?”

“மேல இலை பச்சையா இருந்தா கீழ வேலை நடக்குன்னு அர்த்தம் அண்ணாச்சி. பிடுங்கப்பிடாது.”

“யாரு பிடுங்குதா? ஒண்ணே ஒண்ணு பாக்குதேன். செடிக்குத் தெரியாமப் பாக்குதேன்.”

செடிக்குத் தெரியாமல் செடியைப் பிடுங்கும் அந்தக் கலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலில் பக்கத்தில் குந்துவார். தண்டைத் தடவிக்கொடுப்பார். திரும்பி வானத்தைப் பார்ப்பார், மழை வருமா என்று. அந்த நேரத்தில் கை தன் வேலையை முடித்திருக்கும். வேரை உதறி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, “ம்... வைக்கும், வைக்கும்” என்று ஆசீர்வாதம் செய்து, மறுபடி குழிக்குள் திணித்து, இரண்டு விரலால் அழுத்தி, “என் கை ராசியான கைளா” என்று எழுந்து போவார். சாயங்காலம் செடி தலை தொங்கிவிடும். மறுநாள் வந்து அதைப் பார்த்து உண்மையாகவே வருந்துவார். வெயில் ஜாஸ்தி என்பார். கடல்காத்து என்பார். கம்பெனிக்காரன் கண்ணு என்பார். பிறகு அடுத்த செடி பக்கத்தில் குந்துவார்.

ஜெயபிரியா முள்வேலி போட்டாள். “நல்ல வேலை செஞ்செ” என்று பாராட்டிவிட்டுத் தாண்டி உள்ளே போனார். ‘தொடாதீர்கள்’ என்று பலகை நட்டாள். பலகை வேர் பிடித்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார்.

ஒரு நாள் மாலை அவள் வரிசைமுன் உட்கார்ந்து செத்த செடிகளை மடியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் தூள் விழுந்துவிட்டது என்றாள். அன்றைக்குக் காற்றே இல்லை. நாங்களும் தூள் என்றே வைத்துக்கொண்டோம்.

அதன் பிறகுதான் எங்கள் தெருப் புண்ணியவான் ஒருவர் (பெயர் வேண்டாம், அவருக்குத் தன்னடக்கம் அதிகம்) களத்தில் இறங்கினார். அண்ணாச்சியே பிடுங்கிக் கொன்ற செடி ஒன்றை எடுத்தார். சவ்வரிசியைப் பீட்ரூட் சாற்றில் ஊறவைத்து, மைதாப் பசையும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்து, வேர் முழுக்க முத்து முத்தாக ஒட்டினார். வரிசையின் ஓரத்தில், அண்ணாச்சியின் கை தானாகப் போகும் இடம் பார்த்து நட்டார். சர்க்கரை எதற்கு என்று கேட்காதீர்கள். கலைஞனுக்குச் சில சுதந்திரங்கள் உண்டு.

காலையில் அலறல் தெருமுனை வரை கேட்டது.

“ஏலே! வச்சிட்டுலே! கோலிக்குண்டு கணக்கா முடிச்சுலே!”

அன்றிலிருந்து அண்ணாச்சி எந்தச் செடியையும் தொடவில்லை. எதற்குத் தொட வேண்டும்? அதிசயம்தான் கையிலேயே இருக்கிறதே! கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, யூரியா வாங்க வந்தவருக்கெல்லாம் தரிசனம் காட்டினார். மிச்சமிருந்த கொளுஞ்சி நிம்மதியாக மூச்சுவிட்டு, ஊதா நிறத்தில் பூக்கத் தொடங்கியது. புண்ணியவான் தன் முதுகில் தானே தட்டிக்கொண்டார்.

பாஸ்கல் சார் காரில் வந்து இறங்கினார். வரிசையைப் பார்த்தார், முகம் கொஞ்சம் மலர்ந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

“சார், இலையை என்னத்தப் பாக்கீய? இதப் பாருங்க! எங்க கொற்கை வயல்லயே மிளகு தண்டிதான் வைக்கும்!”

பாஸ்கல் சார் ஒரு முடிச்சை நசுக்கினார். ஒட்டியது. முகர்ந்தார். பெட்டிக்குள் எறும்புகள் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன.

“இது சவ்வரிசில்லா?”

புண்ணியவான் மெல்ல மதிலோரம் நகர்ந்தார்.

“என்னம்மா இது, ஏமாத்து வேலையா?” பாஸ்கல் சார் ஜெயபிரியாவைப் பார்த்தார். “அப்ப இங்க நிக்கதெல்லாம் ஒட்டுனதுதானா?”

“சத்தியமா எனக்குத் தெரியாது சார். இது யாரு...”

“சரி, பிடுங்கினாத் தெரிஞ்சிரப் போவுது.” அவர் குனிந்து, பூத்து நின்ற கொளுஞ்சியின் தண்டைப் பிடித்தார்.

அந்த மணிக்கட்டை இன்னொரு கை பிடித்தது. ராசியான கை.

“வேண்டாம் சார்” என்றார் மாசானம் அண்ணாச்சி. “செடிக்குத் தெரியும்.”

“என்னது?”

“நான் பிடுங்குனதுல ஒண்ணுகூடப் பிழைக்கலை சார். வெயிலு, காத்துன்னு சொல்லிக்கிட்டேன். அந்தப் பொட்டியில இருக்கது நான் கொன்னது. ஒட்டுனது எந்தக் களவாணியோ, இந்தப் பிள்ளை இல்ல. நீங்க இலையைப் பாருங்க. அந்த வரிசை என் கடைப் பாக்கெட்டு. மஞ்சளாச் செத்துக் கெடக்கு. இது பச்சையா நிக்கி. உரக்கடைக்காரன் சொல்லுதேன், இதுக்கு ஒரு பிடி உரம் நானும் போடல, அவளும் போடல. அப்ப கீழ யாரோ சோறு போடுதான்லா?”

தன் பாக்கெட் தோற்றது என்று தன் வாயால் சொன்ன கடைக்காரரை அன்றுதான் பார்த்தேன். பாஸ்கல் சார் மஞ்சள் வரிசையைப் பார்த்தார், பச்சை வரிசையைப் பார்த்தார், தண்டிலிருந்து மெல்ல விரல்களை எடுத்தார்.

“காய் முத்தட்டும்” என்றார். “அதுக்கப்புறம் இந்தப் பிள்ளையே முறையாப் பிடுங்கிக் காட்டட்டும். அதுவரைக்கும் தாது வராது.”

இப்போது முற்றத்தில் அந்த வரிசைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அண்ணாச்சி. ஆடு, மாடு, அதிகாரி யாரையும் அண்டவிடுவதில்லை. திருந்திவிட்டார் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நேற்றுக்கூட ஜெயபிரியாவிடம் குரலைத் தாழ்த்தி, “பிடுங்கல தாயி, மண்ணை மட்டும் லேசா விலக்கிப் பாக்கட்டா?” என்று கேட்டார். அவள் அவர் இரண்டு கைகளிலும் ஒவ்வொரு தண்ணீர் வாளியைக் கொடுத்தாள்.

நீங்கள் இந்த இனம் இல்லை. தெரியும். நீங்கள் பொறுமைசாலி, இட்லிச் சட்டியை நேரம் வராமல் திறக்காதவர். ஆனாலும் இவ்வளவு தூரம் படித்த பிறகு உங்களுக்கு ஒன்று தோன்றியிருக்குமே: அந்த வரிசைக்கு அடியில் நிஜமாகவே முடிச்சு இருக்கிறதா? அறுத்தால் சிவப்பா, வெள்ளையா? காய் முற்றும் வரை எதற்குக் காத்திருக்க வேண்டும், ஒண்ணே ஒண்ணு, சும்மா, ஓரத்தில் இருப்பதை...

தோன்றியதா? எங்கள் தெருப் பக்கம் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாருங்கள். அண்ணாச்சிக்குத் தன் இனத்தானைப் பார்த்தவுடன் அடையாளம் தெரியும்.