குதிவலியைப் பனிக்கோலால் வதைத்த படலம்

தமிழே, வந்து நாவில் நில்! எத்தனையோ ஆயிரம் தலைகளைத் தன் கத்தியின்முன் குனியவைத்தும் ஒரு துளிக் குருதி சிந்தாத மாவீரரை, கத்தரியேந்து கரத்தினரை, நுரைக்கிண்ண நாயகரை, கடைத்தெரு முடிதிருத்துநரைப் பாடப் புகுந்தோம்.

முப்பது ஆண்டுகள் நின்றே தொழில்புரிந்த அவருடைய வலது குதிகாலில், மூன்றாண்டுகளுக்கு முன் குதிவலி என்னும் கொடியவன் குடியேறினான். துயிலெழுந்து முதலடி வைக்கும் வேளையே அவனுக்குப் போர்க்காலம். ஆயிரம் வேல் ஒருங்கே பாய்ந்தாற்போல் அவன் குத்த, வீரர் சுவர் பற்றி, கதவு பற்றி, மனையாளின் தோள் பற்றிக் குளியலறை என்னும் தொலைதேசம் அடைவார். வெந்நீர் தோற்றது; களிம்பு தோற்றது; மெத்தென்ற செருப்பு புறமுதுகிட்டது. வாடிக்கையாளர் ஒருவரின் மீசையில் ஒரு பக்கத்தை ஒதுக்கிவிட்டு, மறுபக்கத்துக்கு முன் வீரர் உட்கார்ந்து எழவேண்டிய இழிநாளும் வந்தது.

அன்றே மருத்துவரிடம் ஏகினார். எறும்பு புகுமளவு துளையிட்டு, அதன்வழி மெல்லிய பனிக்கோலைச் செலுத்தி, வலியைக் கோள்சொல்லும் நரம்பை உறையவைத்து ஊமையாக்கலாம் என்றார் மருத்துவர். "அதுக்கு முன்னாடி மரத்துப்போக ஒரு ஊசி போடணும். கால் மட்டும் ஆடக்கூடாது" என்றும் சேர்த்தார்.

ஊசி! கத்திக்குக் கலங்காத திருமுகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"ஊர் கழுத்துலயெல்லாம் கத்தி வைக்கிற ஆளு, ஒரு ஊசிக்கா இப்படி?" என்றார் உடன்வந்த மனைவி.

சிகிச்சைக் கட்டிலினின்று எழுந்தது வீரரின் சூளுரை: "முப்பது வருஷமா நாற்காலியில உக்கார்றவங்களை ஆடாதீங்க, ஆடாதீங்கன்னு சொன்னவன் நான். இன்னைக்கு நான் ஆடினா, கத்தரிக்கோலைத் தொடவே மாட்டேன்!"

ஊசி பாய்ந்தது. கட்டில் கிறீச்சிட்டது, மனைவியின் கை அவர் பிடியில் கசங்கியது, கால் ஆடவில்லை. பின்னர் மரத்த குதிக்குள் பனிக்கோல் புகுந்து பகைவனை வளைத்த வேளை, ஐயகோ, வீரரின் மூக்கு அரித்தது! சொறிந்தால் உடல் அசையும், சூளுரை அழியும். தம் கடை நாற்காலியில் போர்வைத் துணிக்குள் கைகட்டி இதே துயருற்ற எத்தனை பேரை அதட்டியிருப்போம் என்று எண்ணி உள்ளம் கசிந்தார். மலையென அசையாது கிடந்தார். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. தையல்கூட இல்லை, சின்னஞ்சிறு பிளாஸ்திரி ஒன்றே விழுப்புண்ணுக்குச் சான்று.

மருத்துவர் சொன்னபடி ஓய்ந்திருந்து ஐந்தாம் நாட்காலை, பகைவன் எங்கு பதுங்கியுள்ளானோ என அஞ்சி அஞ்சித் தரையில் கால் பதித்தார். வேல் இல்லை. மீண்டும் மிதித்தார். அம்பும் இல்லை. சுவர் பற்றாது, கதவு பற்றாது, அறை முழுதும் அரியேறெனப் பீடுநடை நடந்து, "ஏய், இங்க வந்து பாரு! வலிக்கல!" என்று திசையெட்டும் அதிர முழங்கினார்.

அப்புறம், மனைவி நீட்டிய கூடையை வாங்கி, கீழே போய்க் குப்பையைக் கொட்டிவிட்டு வந்தார்.