வீடு ஆர்ட பேரில?

அரைகுறையாகப் படித்ததை அன்றைக்கே யாரிடமாவது கொட்டிவிட வேண்டும் என்ற வியாதி எனக்கு உண்டு. அந்த வியாதியால் அக்காவின் கலியாணமே நின்றுபோகப் பார்த்தது.

அப்போது நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் வணிகம் இரண்டாம் வருடம். பதினெட்டு வயதானவர்கள் எல்லோரும் வரி இலக்கம் எடுக்க வேண்டும் என்று அறிவித்திருந்த நேரம். பஸ் காசைத் தவிர வேறு வருமானம் காணாத எனக்கும் ஓர் இலக்கம் வந்தது. (வந்த நாளிலிருந்து பெரிய முதலாளி நடைதான்.) அப்பாவின் வங்கிச் சம்பளத்தில் மாதாமாதம் வரி வெட்டுவார்கள். பக்கத்து வீட்டில் புருசனும் பெண்சாதியுமாக உழைத்து அதே அளவு காசு கொண்டுவந்தார்கள், வரியே இல்லை. உழைக்கிற ஆளுக்கு ஒரு வரிச் சலுகையாம். எங்கள் வீட்டில் உழைப்பவர் ஒருவர், தின்பவர்கள் நாலு பேர், சலுகை ஒன்றே ஒன்று. எனக்கு வயிறு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அதற்குக் கோப்பையும் அதை வைக்கும் பீரிசும் வாங்க, முதல் நாள் சனிக்கிழமை அம்மாவும் அப்பாவும் செங்கலடிக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். அக்கா கிணற்றடியில் முழுகிக்கொண்டிருந்தாள். வாசல் படலையில் மோட்டார்சைக்கிள் ஹோர்ன் கேட்டது. நீளக் கைச் சட்டையும் கக்கத்தில் ஃபைலுமாக ஒரு பெரியவர். பின்னால் கண்ணாடி போட்ட ஓர் இளைஞன். உள்ளே வந்து உட்கார்ந்ததும் பெரியவர் தொடங்கினார்.

"கொஞ்சம் விசாரிக்க இரிக்கு புள்ள. இந்த வீடு ஆர்ட பேரில?"

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு எழுதித்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே கலியாணம் பேச வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி இது. எனக்கோ ஃபைலைக் கண்டதும் வரி அதிகாரிதான் ஞாபகம் வந்தது.

"இது எங்கட வீடில்ல சேர். பெரியம்மாட. சும்மா இரிக்கம்."

"கிரான் வட்டையில நாலு ஏக்கர் வயல் இரிக்கெண்டாங்க?"

"அது வெள்ளத்தில போயிற்று."

"வயலா?"

"ஓம் சேர்."

"அக்காட நகைநட்டு?"

"எல்லாம் கவரிங்."

அதோடு வாயை மூடியிருக்கலாம். "ஒராள் உழைச்சு நாலு பேர் திண்டாலும் ஒரு சலுகை, ஒராள் உழைச்சு ஒராள் திண்டாலும் ஒரு சலுகை. இது என்ன நியாயம் சேர்? கெம்பசில படிக்கிற புள்ளைட செலவக் கழிக்க ஏலாதா?" என்று கை நீட்டி முழங்கினேன். (அப்பாவின் வரி சம்பளத்திலேயே போய்விட்டது, நான் சொன்ன பொய்களால் ஒரு சதமும் மிஞ்சாது என்பது பிறகுதான் உறைத்தது.)

பெரியவர் எழுந்துவிட்டார். "வாங்க மருமகன். புரோக்கர் நம்மள நல்லா ஏமாத்திப்போட்டான்."

மருமகனா? புரோக்கரா? அப்படியென்றால் வந்தது மாப்பிள்ளையும் அவருடைய மாமாவும்!

அந்த நேரம், கிணற்றடியில் எல்லாவற்றையும் கேட்ட அக்கா தலையில் சுற்றிய துவாயோடு பாய்ந்து வந்தாள். மாப்பிள்ளையின் போட்டோவைப் போனில் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனப்பாடம்.

"மாமா, போகாதீங்க! வீடு என்ட பேரில! மூணு அறை! வயல் வெள்ளத்தில போகல்ல, அங்கயேதான் இரிக்கு! நகையும் கவரிங் இல்ல!"

தன் சீதனத்தைத் தானே ஏலம் போட்டது விளங்கியதும் முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

இளைஞன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "மாமா, இரிங்க. என்ட சம்பளத்திலயும் வெட்டுறாங்க. அம்மாவையும் ரெண்டு தங்கச்சிமாரையும் நான் ஒராள்தானே பாக்கன். இந்தப் புள்ள கேட்டது நியாயம்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. புதுக் கோப்பைகளோடு அம்மாவும் அப்பாவும் வந்து சேர்ந்தார்கள். நடந்ததைக் கேட்ட அம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார், எனக்கு மட்டும் தரவில்லை.

அத்தான் இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறார். சம்பளத்தில் இன்னும் வெட்டுகிறார்கள். ஆனாலும் வேலை முடிந்து வந்ததும் படலையில் ஹோர்ன் அடித்து, "வரி ஒபிசர் வந்திரிக்கன். வீடு ஆர்ட பேரில?" என்று சத்தம் வைப்பார். இப்போதுதான் பேசப் பழகும் அக்காவின் மகள், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடிப்போய்ப் பதில் சொல்வாள்:

"பெரியம்மாட, சேர்!"