திரிவெட்டிக் குடும்பம்: தோற்றமும் மக்கள்தொகையும்

"ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சி. கல்யாணம் பண்ண முடியாது" என்று சீனிவாசகம் சார் சொன்னபோது எங்கள் அக்கா மாரிசெல்வி கையில் பாதி கடித்த வெள்ளரிப்பிஞ்சு இருந்தது. சாத்தூரில் பஸ் நின்றபோது பாண்டிராஜ் மச்சான் வாங்கிக் கொடுத்தது. அண்ணன் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்பதுபோல அக்கா அதையே பார்த்தாள்.

"சார், இவுக வீடு கீழத்தெரு. நாங்க மேலத்தெரு. அம்மா வேற, அப்பா வேற. இவுக எனக்கு முறை மாப்பிள்ளை."

"முறையெல்லாம் உங்க ஊர்ல வச்சுக்கம்மா. கம்ப்யூட்டர்ல ஏழாவது கட்டத்தைப் பாரு. ஆணின் குடும்பப் பெயர், திரிவெட்டி. பெண்ணின் குடும்பப் பெயர், திரிவெட்டி. ஒரே குடும்பத்துக்குள்ள கல்யாணத்துக்குச் சான்று குடுத்துட்டு நான் உள்ள போய் உக்காரவா?"

ஜாதகத்தில் ஏழாம் இடம் சுத்தம் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். விண்ணப்பத்தில் ஏழாவது கட்டம் இருப்பது ஜோசியருக்குத் தெரியாது.

சீனிவாசகம் சார், குடும்பப் பெயர் ஒழுங்குபடுத்தும் சிறப்பு அலுவலகத்தின் சிறப்பு அலுவலர். அலுவலகம் விருதுநகரில் ஒரு புரோட்டாக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. அங்கே தரும் 'உறவுத் தடையின்மைச் சான்று' இல்லாமல் கோயிலில் தாலி கட்ட விடமாட்டார்கள். அந்த வருஷம் வந்த புது உத்தரவு. அன்று கார்த்திகை மூன்று. கல்யாணம் கார்த்திகை பதினொன்று. தை மாதம் வைத்துக்கொள்ளலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். தீபாவளி முடிந்து, பட்டாசு செய்கிற வெடி ஆபீஸ்கள் பூட்டிக்கிடக்கும் ஒரு மாதம்தான் எங்கள் பக்கம் கல்யாண மாதம். கம்பெனி திறந்து ஆர்டர் வந்துவிட்டால் மாப்பிள்ளைக்கே லீவு கிடைக்காது.

இவர்கள் எப்படி அண்ணன் தங்கச்சி ஆனார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு நானும் ஒரு காரணம்.

புரட்டாசியில், சீசன் உச்சத்தில் இருந்தபோது, தாயில்பட்டி பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கு இந்த அலுவலகம் முகாம் போட வந்தது. எங்களுக்கு இருப்பது ஓர் எழுத்து. அப்பா பேரின் முதல் எழுத்து. அதை வைத்துத்தான் பிறக்கிறோம், ரேஷன் வாங்குகிறோம், சாகிறோம். அது போதாது என்று யாரோ டெல்லியில் கண்டுபிடித்திருந்தார்கள்.

முகாமில் முதல் ஆளாக எங்கள் அப்பா நாகையா போய் நின்றார். சீக்கிரம் முடித்துவிட்டுக் கம்பெனிக்கு ஓட வேண்டும்.

"குடும்பப் பேரு?"

"கிடையாது சார்."

"கிடையாதுன்னா கம்ப்யூட்டர் ஏத்துக்காது. என்ன வேலை பாக்கீக?"

"திரி வெட்டுறேன்."

"அம்புட்டுதான். திரிவெட்டி. அடுத்த ஆள்."

இப்படியாக எங்கள் குடும்பப் பெயர் காலை ஒன்பது நாற்பதுக்குப் பிறந்தது. ஆனால் பெயர் பிறந்தால் போதாதாம். அதன் தோற்றத்தை விளக்கி ஒரு பக்க அறிக்கை இணைக்க வேண்டும். அப்பாவுக்கு நேரமில்லை. நான் பத்தோடு நின்றவன், பதினெட்டு ஆகாததால் கம்பெனிக்குள் விடமாட்டார்கள். ஊரில் சும்மா இருந்து எழுதவும் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். சத்துணவுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதினேன்: 'எங்கள் அப்பா திரி வெட்டுகிறார். அதனால் இந்தப் பெயர்.'

சீனிவாசகம் சார் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"ஏலே, இது தோற்றமா? தோற்றம்னா இருநூறு வருஷமாவது ஆகியிருக்கணும். ஒரு ராஜா வரணும்."

"எந்த ராஜா சார்?"

"பேரு போடாத. போட்டா எங்க ராஜான்னு ஆள் வந்துரும். சண்டை போட்டாரு, ஜெயிச்சாருன்னு மட்டும் எழுது."

"எங்க ஆளு அங்கன என்ன சார் பண்ணுனாரு?"

"திரி வெட்டுனாரு."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ராஜாவின் பீரங்கிக்குத் திரி நீளமாக இருந்தது. பற்றவைத்துக் குண்டு கிளம்புவதற்குள் எதிரிகள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு ஓடிப்போனார்கள். எங்கள் முன்னோர் ஒருவர் குறுக்கே பாய்ந்து திரியைப் பாதியாக வெட்டினார். ராஜா ஜெயித்தார். முன்னோர் பேர் என்ன என்று கேட்டேன். "மூத்தவர்தானே, பெரிய திரிவெட்டியார்னு போடு" என்றார். போட்டேன். 'ஆவணம் ஏற்கப்பட்டது' என்று முத்திரை குத்தினார். அந்த முத்திரையில் மை காய்வதற்கு எடுத்த நேரம்தான் எங்கள் வம்சத்தின் உண்மையான வயது.

பத்து நாளில் மக்கள்தொகை அறிக்கை வந்தது. என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

'திரிவெட்டி. மொத்தம் ஐவர். ஆண் இருவர், பெண் மூவர். பரவல்: ஒரு வீடு. அடர்த்தி: ஓர் அறைக்கு ஐவர். எதிர்காலம்: கவலைக்குரியது. மூத்த பெண்ணின் திருமணத்திற்குப் பின் மக்கள்தொகை இருபது விழுக்காடு சரிந்து நால்வராகும். ஐவருக்குக் குறைந்த குடும்பப் பெயர் விதிப்படி ரத்தாகும்.'

அம்மா அய்யம்மாள் படிக்கச் சொல்லிக் கேட்டாள். "பேரு ரத்தானா?"

"ரேஷன் கார்டும் ரத்தாகுமாம்."

"அப்ப இவளைக் கட்டிக் குடுக்கக் கூடாதாமா?"

"ஆளைச் சேத்துட்டுக் கட்டிக் குடுக்கலாமாம்."

ஊரில் மற்றவர்களும் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். அவரவருக்கு ஒரு பெயர், ஒரு தோற்றம், ஒரு ராஜா வேண்டும். சீசனில் ராஜாவுக்கு எங்கே போவது? ஏற்கெனவே ஏற்கப்பட்ட பெயரில் சேருவதென்றால் ஒரு கையெழுத்துப் போதும் என்று சீனிவாசகம் சார் வழி சொன்னார். டீ வருவதற்குள் போட்டு முடித்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். பாண்டிராஜ் மச்சானின் அம்மா வெள்ளைத்தாய் அத்தை மூன்றாவது ஆளாகப் போட்டாள். "நம்ம மருமகப் பேரு அழியலாமா? எங்கலே கையெழுத்து?" என்று கேட்டுத்தான் போட்டாள்.

பிறகு ஊரே மாறியது. வண்டிகளில் 'திரிவெட்டிடா' என்று ஸ்டிக்கர். சலூனில் திரிவெட்டி கட்டிங். காதுகுத்துக்கு வைத்த ஃபிளெக்ஸில் 'பீரங்கி கண்ட பரம்பரை' என்று போட்டார்கள். குழாய் சுற்றுகிறவர், மருந்து அள்ளுகிறவர், லாரி ஓட்டுகிறவர், எல்லாரும் திரிவெட்டி. எங்கள் அப்பா மட்டும் வழக்கம்போல் திரி வெட்டிக்கொண்டிருந்தார்.

ஆக, அக்கா கல்யாணம் நடக்க வேண்டும் என்பதற்காகச் சேர்ந்த பெயர், இப்போது அக்கா கல்யாணத்தை நிறுத்திவிட்டது. இதை சீனிவாசகம் சாரிடம் சொன்னேன்.

"கரெக்டுதான். விதி ரெண்டும் சரியாத்தான் வேலை செய்யுது" என்று பெருமைப்பட்டார்.

"ஏதாச்சும் வழி சொல்லுங்க சார்" என்றார் பாண்டிராஜ் மச்சான்.

"தோற்றத்துல ஒரு திருத்தம் போடலாம். பெரிய திரிவெட்டியாருக்கு ரெண்டு மகன். சண்டை போட்டுப் பிரிஞ்சுட்டாக. ஒருத்தர் மேலத்தெரு, ஒருத்தர் கீழத்தெரு. எழுதுலே."

அக்கா குறுக்கிட்டாள். "அண்ணன் தம்பி வழின்னா பங்காளி சார். பங்காளிக்குள்ள எப்படிக் கட்டுறது?"

"அப்ப ஒரு மகன், ஒரு மகள்."

"மகள் கட்டிப் போன வீட்டுப் பேருதானே அவ பிள்ளைகளுக்கு வரும்? அவுக எப்படித் திரிவெட்டி?"

சீனிவாசகம் சார் பேனாவை மூடி வைத்தார். "இருநூறு வருஷத்துக்கு முன்னால செத்தவுக பண்ணுன தப்புக்கு நான் என்னம்மா செய்ய?"

எனக்குப் பொறுமை கிடையாது. பள்ளிக்கூடத்திலும் அதனால்தான் நின்றேன்.

"சார், யாரும் சாகல. யாரும் பிறக்கவும் இல்ல. புரட்டாசி மாசம் நீங்க சொன்னீக, நான் எழுதுனேன். பீரங்கியும் பொய், ராஜாவும் பொய்."

சீனிவாசகம் சார் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"அதை எழுத்துல குடு" என்றார்.

கொடுத்தேன். 'நான் எழுதிய தோற்றம் உண்மை அல்ல. இப்படிக்கு, நா. ஊர்க்காவலன்.' அவர் சொல்லித்தான் எழுதினேன் என்பதை மட்டும் விட்டுவிடச் சொன்னார். அதையும் எழுதினேன். அந்த வரியை மட்டும் நிதானமாக மையால் மூடிவிட்டு, கோப்பைப் புரட்டி, கம்ப்யூட்டர்க்காரரைக் கூப்பிட்டு உத்தரவு போட்டார். பொய் சொன்னது நாகையா வீடு. எனவே நாகையா வீடு மட்டும் திரிவெட்டிப் பட்டியலிலிருந்து நீக்கம். மற்ற இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் அரசு முத்திரையை நம்பிச் சேர்ந்தவர்கள். எனவே அவர்கள் உண்மையான திரிவெட்டிகள். எங்கள் ஏழாவது கட்டத்தில் 'நீக்கம்' என்று அடித்தார்கள். கட்டம் காலியாக இல்லாததால் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது, ரேஷன் கார்டும் தப்பியது.

"இப்ப ரெண்டும் வேற வேற குடும்பம். கல்யாணம் பண்ணிக்கலாம்" என்று சான்றில் கையெழுத்துப் போட்டார். அக்கா மிச்ச வெள்ளரிப்பிஞ்சைத் தின்றாள்.

சான்றோடு ஊருக்கு வந்தால், வெள்ளைத்தாய் அத்தை வாசலில் நின்றாள்.

"கேள்விப்பட்டேன். கல்யாணம் நடக்காது."

"ஏன் அத்தை? சான்று வந்துருச்சே" என்றேன்.

"நாங்க பீரங்கி கண்ட பரம்பரைலே. பேரு நீக்குன வீட்டுல பொண்ணு எடுத்தா ஊரு சிரிக்காதா?"

"அத்தை, அந்தப் பீரங்கியை எழுதுனதே நான்தான்."

"எழுதுனது நீ. நடந்தது அவுகளுக்கு. மகாபாரதத்தை எழுதுனவரு சண்டை போட்டாரா?"

பாண்டிராஜ் மச்சான் தலையிட்டார். "எம்மா, சும்மா இரு. எனக்கு மாரிசெல்வி போதும்."

"ஒனக்குப் போதும்லே. இருநூத்திப் பன்னெண்டு பேருக்குப் போதுமா?"

அக்கா என்னைப் பார்த்தாள். "ஒனக்கு உண்மை பேச வேற நாளே கிடைக்கலையா?" என்றாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

நான்காம் நாள் ஊர்க்கூட்டம் ஒரு முடிவுக்கு வந்தது. பெண் எடுக்கலாம். ஆனால் மணவறைக்கு முன்னால் பெரிய திரிவெட்டியார் படம் வைக்கப்படும். முன்னோரைப் பொய் என்று எழுதிக் கொடுத்த ஊர்க்காவலன் அந்தப் படத்தின் முன் விழுந்து மன்னிப்புக் கேட்ட பிறகுதான் தாலி.

படத்துக்குச் சிவகாசியில் ஆர்டர் கொடுத்தார்கள். முகம் வேண்டும் என்று அச்சகத்தில் கேட்டிருக்கிறார்கள். முதல் விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த புகைப்படத்தின் நகலை யாரோ எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். கல்யாணத்தன்று காலையில் திரையை விலக்கினால், எங்கள் அப்பா நிற்கிறார். பெரிய மீசை, தலைப்பாகை, கையில் கத்தி, பின்னால் பீரங்கி. இடது புருவத்துத் தழும்பைக்கூட விடவில்லை. தொண்ணூற்றெட்டில் கம்பெனியில் பட்ட காயம் அது.

"போர்ல வாங்குன தழும்பு" என்று பக்கத்தில் ஒருவர் மகனுக்கு விளக்கினார்.

"விழுலே" என்றாள் வெள்ளைத்தாய் அத்தை.

"அத்தை, இது எங்க அப்பா."

"முன்னோரைப் போய் அப்பாங்கான். திமிரைப் பாரு."

முகூர்த்தம் முடியப் பதினைந்து நிமிஷம் இருந்தது. அக்கா மணவறையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "விழுந்து தொலைடா" என்றாள். பாண்டிராஜ் மச்சான் கையில் தாலியை வைத்துக்கொண்டு, "மாப்ள, ரெண்டு நிமிஷம்டா" என்றார். மேளக்காரர்கள் கெட்டிமேளத்துக்குக் கையை ஓங்கியபடி காத்திருந்தார்கள். எனக்கு முட்டி மடங்கவில்லை.

அப்போது அப்பா எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டினார். படத்துக்கு முன்னால் போய், நெடுஞ்சாண்கிடையாக, தன் காலிலேயே விழுந்தார்.

"பையன் தெரியாம எழுதிட்டான். மன்னிச்சுருங்க" என்றார். எழுந்து ஒரு நிமிஷம் படத்தை உற்றுப் பார்த்தார். "எங்கயோ பாத்த முகமா இருக்கு" என்று அம்மாவிடம் சொன்னார். கேலியாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

குடும்பத் தலைவரே விழுந்துவிட்டதால் அத்தைக்குத் திருப்தி. தாலி ஏறியது. தாலி ஏறிய அந்த நொடியில், விதிப்படி, எங்கள் அக்கா திரிவெட்டி ஆனாள். மக்கள்தொகை இருநூற்றுப் பதின்மூன்று. ஊரில் திரி வெட்டுகிற ஒரே ஆளான எங்கள் அப்பா அதில் இல்லை.

சீனிவாசகம் சாரும் பட்டுச்சட்டையில் வந்திருந்தார். படத்துக்கு முன்னால் நின்று கண்ணை மூடி நெடுநேரம் கும்பிட்டார். திருநீறும் பூசிக்கொண்டார்.

"நீங்க ஏன் சார் கும்பிடுறீக?" என்றேன். "ஒங்களுக்குத் தெரியாதா?"

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தணிக்கைக்கு வந்தாகலே. சிறப்பு அலுவலரோட ஏழாவது கட்டமே காலியா இருக்குன்னு எழுதிட்டுப் போயிட்டாக. போன வாரம்தான் நானும் கையெழுத்துப் போட்டேன். ஒங்க அக்காவோட சேத்து இப்ப இருநூத்திப் பதினாலு." பிறகு என் தோளில் கை வைத்து, படத்தின் பக்கமாகத் திருப்பினார். "எனக்கே மனசு நிறைஞ்சிருக்கு. நீயும் ஒரு கும்பிடு போட்டுருலே, நம்ம முன்னோருதானே."

நான் போடவில்லை.