குறைந்தது பன்னிரண்டு பேர்

வில்லங்கம் படிவத்தின் மூன்றாவது வரியில் இருந்தது. பார்வையாளர் வரும் நாளில் வகுப்பில் குறைந்தது பன்னிரண்டு பேர் இருக்க வேண்டும்.

நிரந்தரம் அதை மூன்று தடவை படித்தான். அவனுடைய வியாழக்கிழமை எட்டு மணி புள்ளியியல் வகுப்பில் பதிவேட்டின்படி இருபத்திரண்டு பேர். நேரில் ஐந்து பேர். அந்த ஐந்திலும் ஒருவன் தூங்குவதற்கென்றே வருபவன்.

நிரந்தரம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. ஏழு வருடமாக முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டே இருந்ததால் துறையில் ஒட்டிக்கொண்ட பெயர். ஆராய்ச்சி மாணவர்கள் முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வேண்டும் என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் ஏற்பாடு. அவனும் ஏழு வருடம் எடுத்துத் தள்ளிவிட்டான். இப்போது மேலிடத்துக்குத் திடீரென்று ஞானோதயம் வந்து, அவர்கள் எல்லோரும் எட்டு வாரம் ஆசிரியர் பயிற்சிக்கு வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கடைசி வாரம் யாரோ ஒரு பார்வையாளர் வகுப்பில் வந்து உட்கார்ந்து, பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். யார் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.

கையெழுத்து இல்லையென்றால் அடுத்த பருவம் வகுப்பு கிடையாது. வகுப்பு இல்லையென்றால் ஆராய்ச்சியும் அத்தோடு சரி. மிச்சமிருப்பதோ ஒரே ஓர் அத்தியாயம். மாமனாரின் டைல்ஸ் கடையில் இரண்டு வருடமாக ஒரு நாற்காலி அவனுக்காகக் காத்திருந்தது. போன மாதம் அவர் அதற்குக் குஷன்கூடப் போட்டுவிட்டார்.

முதலில் அவன் நேர்வழியில்தான் போனான். அடுத்த வியாழன் ஒரு முக்கியமானவர் வந்து பார்க்கப்போகிறார், எல்லோரும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு தவறாமல் வாருங்கள் என்று வகுப்பில் சொன்னான். பிள்ளைகள் அதை ஏதோ திடீர்த் தேர்வு என்று எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் மூன்று பேர், வரப்போகும் வியாழக்கிழமைக்கான காய்ச்சலுக்கு இப்போதே விடுப்புக் கடிதம் அனுப்பினார்கள்.

ஐந்து இரண்டானது.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் படிவத்தை நீட்டினான். அவள் ஒரு கையில் தலையணை உறையோடு அதைப் படித்தாள்.

"பன்னெண்டு பேருன்னுதானே போட்டிருக்கு. மாணவங்கதான்னு எங்கயும் இல்லையே?"

"வகுப்புல வேற யாரு இருப்பாங்க?"

"உங்க கூட்டாளிங்க சும்மாதானே இருக்காங்க. வந்து ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லுங்க. எங்கப்பா நேத்தும் போன் பண்ணாரு."

கடைசி வாக்கியம் வேலை செய்தது. மறுநாளே அவன் பக்கத்து மேசை நண்பனிடம் விஷயத்தைச் சொன்னான். அந்த நண்பனுக்குத் துறையில் அவசரம் என்று பெயர். நிரந்தரம் சொல்லி முடிப்பதற்குள் அவன் பயிற்சிக்கு வருகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கே செய்தியைத் தட்டிவிட்டான். ஐந்தே நிமிடத்தில் பதினான்கு பேர் வருகிறோம் என்றார்கள். இவ்வளவு நல்ல உள்ளங்களா என்று நிரந்தரம் நெகிழ்ந்துபோனான்.

அவர்கள் வந்ததன் காரணம் வியாழன் காலை ஏழே முக்காலுக்குத் தெரிந்தது. பதினான்கு பேர் கையிலும் பதினான்கு படிவங்கள். கூடப் பயிற்சி பெறும் ஒருவரின் வகுப்பில் உட்கார்ந்து கவனித்துக் குறிப்பெழுத வேண்டும் என்பதும் பயிற்சியில் ஒரு படி. அதற்கு வகுப்புக் கிடைக்காமல் இத்தனை நாள் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். மொத்தமாக ஒன்று மாட்டிக்கொண்டது.

எட்டு மணிக்கு மிச்சமிருந்த இரண்டு மாணவர்களும் வந்தார்கள். உள்ளே முப்பது வயது ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள். தேர்வு ஆரம்பித்தே விட்டது என்று நினைத்தார்களோ என்னவோ, சத்தமில்லாமல் பின்வாங்கினார்கள். நிரந்தரம் வராந்தாவரை ஓடிப்பார்த்தான். படிக்கட்டில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பி வந்தபோது கடைசி வரிசையில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் சங்கிலி கோத்த கண்ணாடி, கையில் புத்தம் புதுக் குறிப்பேடு. முகத்தில் சிரிப்பு இல்லை. பார்வையாளர்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

பலகையில் கணக்கை எழுதினான். ஒன்பது பேர் பத்து நிமிடத்தில் வீடு போய்ச் சேர்கிறார்கள். பத்தாவது ஆளுக்கு மூன்று மணி நேரம். சராசரி இருபத்தேழு நிமிடம்.

"இருபத்தேழு நிமிஷத்துல வீட்டுக்குப் போனவர் யாரு?" என்று கேட்டான்.

கேள்வி கேட்டால் பத்து விநாடி வாயைத் திறக்காமல் காத்திரு என்பது பயிற்சியின் முதல் பாடம். காத்திருந்தான். கவனிக்க வந்தவர் வகுப்பில் குறுக்கிடக் கூடாது என்பது மூன்றாவது பாடம். அவர்களும் காத்திருந்தார்கள். பத்து விநாடி இருபதாகி, இருபது நாற்பதானது. நிரந்தரம் கண்ணாலேயே அவசரத்திடம் கெஞ்சினான்.

அவசரம் மனமிரங்கினான். "சராசரின்னா என்ன சார்?"

மாணவர் கேள்வி கேட்டால் நீ பதில் சொல்லாதே, வகுப்பிடமே திருப்பிக் கொடு என்பது இரண்டாவது பாடம்.

"நல்ல கேள்வி. மத்தவங்க என்ன நினைக்கிறீங்க?"

முன்வரிசையில் இருந்த வேதியியல் துறைக்காரிக்கும் அதே பாடத்தின் பழக்கதோஷம். "அது நல்ல கேள்வின்னு நீங்க ஏன் நினைக்கிறீங்க?" என்றாள்.

அப்போது கடைசி வரிசை அம்மாள் கையைத் தூக்கினார். பார்வையாளர் வாய் திறக்கக் கூடாது, அதனால் சைகை காட்டுகிறார் என்று நிரந்தரம் புரிந்துகொண்டான். நீ பேசியது போதும் என்று அர்த்தம். உடனே எல்லோரையும் குழுவாகப் பிரித்தான். மூன்று குழு. ஒவ்வொரு குழுவிலும் எல்லோருமே குழுவை நடத்துகிறவர்கள், நடக்க ஆள் இல்லை. சத்தம் கூரையைத் தொட்டது.

கதவு திறந்தது. மெலிந்த ஆள் ஒருவர், கையில் கோப்போடு எட்டிப்பார்த்தார்.

"ஆசிரியர் பயிற்சி நடக்குதா? மன்னிக்கணும். நான் முதலாண்டு வகுப்பைத் தேடிட்டு வந்தேன்."

"அடுத்த கட்டடத்துல பாருங்க சார்," என்றான் அவசரம், வழக்கமான வேகத்தில். கதவு மூடியது. ஒரு தொல்லை விட்டது என்று நிரந்தரம் மூச்சு விட்டான்.

அம்மாள் மறுபடி கை தூக்கினார். சத்தம் அதிகமாம். குழுவைக் கலைத்து எல்லோரையும் மௌனமாகச் சிந்திக்கச் சொன்னான். மூன்றாவது தடவை தூக்கியபோது நேரமாகிறது என்று புரிந்துகொண்டு, இன்று கற்றதை ஒரு வரியில் எழுதுங்கள் என்று சொல்லி வகுப்பை முடித்தான். பதினான்கு பேரும் அந்த ஒரு வரிக்கு வெகுநேரம் யோசித்தார்கள்.

பிறகு பதினான்கு படிவத்திலும் அவன் கையெழுத்துப் போட்டான். ஆளுக்கொரு நன்றி சொல்லிக் கிளம்பினார்கள். அவசரம் எப்போதும்போல் முதலில் போய்விட்டான். காலி நாற்காலிகளுக்கு நடுவே நிரந்தரத்துக்குக் கால் கடுத்தது. ஏழு வருடக் களைப்பும் ஒன்றாக இறங்கியது போலிருந்தது. என்ன ஆனாலும் ஆகட்டும், இன்றோடு இது ஒழிந்தால் போதும். தன் படிவத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனான்.

"இதுல உங்க கையெழுத்து வேணும் மேடம்."

அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காட்டிய இடத்தில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து. நிரந்தரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. குஷன் போட்ட அந்த நாற்காலி தூரத்தில் சின்னதாகி மறைவதைப் பார்த்தான். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்துக்கு முதல் வரிகூடத் தோன்றியது.

அம்மாள் பேனாவை மூடிவிட்டு, குறிப்பேட்டின் வெற்றுப் பக்கத்தை விரல் வைத்துப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கிக் கேட்டார்:

"வருகைப் பதிவுல கையெழுத்துப் போட்டுட்டேன் சார், நேத்துதான் முதலாண்டுல சேர்ந்தேன், மூணு தடவை கையைத் தூக்கியும் நீங்க கவனிக்கல... பாடம் எப்ப சார் ஆரம்பிக்கும்?"