மூன்றாம் பகுதி வராததால் படுத்துவிட்ட பெட்டி

தெமோதரை,
நவம்பர் 18

‘ஊவா முழக்கம்’ வார இதழின் பெருமதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களின் சமூகத்துக்கு,

ஓய்வுபெற்ற தோட்டக் கிளாக்கர் மு. சின்னராசா பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும் மனைவி விஜயலெட்சுமியும் சுகம். தங்கள் பத்திரிகையின் சுகத்தை விசாரிக்கத் தேவையில்லை. பதினாறு பக்கத்தில் பதினொரு பக்கம் சேலைக்கடை விளம்பரம் வருவதால் அது கொழுகொழுவென்று இருப்பது தெரிகிறது. சுகமில்லாமல் இருப்பது என் பெட்டி ஒன்றுதான்.

பெட்டி என்றால் செங்கல் அளவில் கறுப்பாக, உள்ளே ஒரு ஹார்ட் டிஸ்க் வைத்தது. படங்களையும் கடிதங்களையும் அதில் போட்டு வைத்தால் வீட்டிலுள்ள எந்தக் கணினியிலும் எடுத்துப் பார்க்கலாம். பதினான்கு வருடப் பழசு. ஹல்துமுல்லைப் பக்கம் நான் வேலை பார்த்த தோட்டத்தின் பழைய கடிதங்களைக் கறையான் தின்னுமுன் ஸ்கேன் செய்து அதில்தான் வைத்திருக்கிறேன். அதில் ஒன்று இராக்கம்மாவுடையது. அந்தத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவள். அவள் புருஷனுக்கு லயத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பரா அறை ஒதுக்கி 1998இல் தோட்டத்துத் துரை கையெழுத்து வைத்த கடிதம், நானே தட்டெழுதியது. மண் சரிந்தபோது அசல் லயத்தோடு போய்விட்டது. துரையும் இல்லை, புருஷனும் இல்லை. இராக்கம்மா இப்போது இங்கே தங்கச்சி வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறாள். மண்சரிவில் வீடிழந்தவர்களுக்கான புதுவீட்டுப் பட்டியலுக்கு விசாரணை வருகிற 27ஆம் திகதி. அந்தக் கடிதத்தின் பிரதியைக் காட்டினால் அவள் பெயர் ஏறும், காட்டாவிட்டால் ஏறாது. விஷயம் இவ்வளவுதான் ஐயா.

பிரதி எடுக்கப் போனால், மகள் வாங்கித் தந்த புது மடிக்கணினி, உன் பெட்டியை இயக்கும் மென்பொருள் பழைய லினக்ஸ், அதோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துத்தான் தங்கள் பத்திரிகையில் ‘பழசை வீசாதீர்’ என்ற தொடர் ஆரம்பமானது. எழுதியவர் ‘தொழில்நுட்பத் தும்பி’. பழைய பெட்டியில் புது லினக்ஸ் ஏற்றுவது எப்படி என்று சொல்லித்தரப்போகிறாராம். முதல் பகுதி முழுக்க, பழைய பெட்டிகளைக் குப்பையில் போடும் மூடர்களைத் திட்டியிருந்தார். நான் மூடன் இல்லை என்ற பெருமையில் ஒரு வாரம் தலை நிமிர்ந்து நடந்தேன்.

இரண்டாம் பகுதியில் விஷயத்துக்கு வந்தார். பெட்டிக்குள் ஃபிளாஷ் என்று ஒரு சின்ன சிப் இருக்கிறதாம். அதை லயம் மாதிரி காம்பரா காம்பராவாகப் பிரித்திருக்கிறார்களாம். முதல் காம்பராவில் இருப்பவன் காலையில் பெட்டியை எழுப்புகிறவன், அவனைத் தொடவே கூடாது. அடுத்ததில் லினக்ஸ். அந்தக் காலத்து லினக்ஸ் மூன்று மெகாபைட்டுக்குள் அடக்கமாகக் குடும்பம் நடத்தியது, இந்தக் காலத்து லினக்ஸுக்கு அந்த இடம் காணாது. ஆகவே பக்கத்துக் காம்பராச் சுவரைத் தள்ளிக் கட்ட வேண்டும். இதற்காகப் பெட்டியின் முன்மூடியைத் திறந்து, கணினியிலிருந்து கட்டளை கொடுக்க மூன்று வயர் ஒட்ட வேண்டும் என்றிருந்ததால், பதுளையில் போன் திருத்தும் நௌபரிடம் போனேன். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒட்டித் தந்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் இப்போதுதான் புரிகிறது.

பகுதியின் கடைசி வரி: ‘இரண்டு காம்பராக்களையும் அழிக்கக் கீழுள்ள கட்டளையைத் தட்டுங்கள். மீதி அடுத்த வாரம்.’

ஐயா, நான் முப்பத்தொரு வருடம் கிளாக்கராக இருந்தவன். சுற்றறிக்கை வந்தால் வந்த அன்றே செய்து முடித்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பதுதான் எங்கள் ஆபிஸ் பழக்கம். ஏன், எதற்கு என்று கேட்டால் வேலை போய்விடும். அழித்தேன். பெட்டி ஆரஞ்சு நிறத்தில் ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டுப் படுத்துவிட்டது.

அடுத்த வாரம் தங்களின் தீபாவளிச் சிறப்பிதழ். தும்பி ஐயாவின் இடத்தில் முறுக்குச் செய்முறை. அதற்கடுத்த வாரம் ராசிபலன் சிறப்பிதழ். என் ராசிக்கு ‘பழைய முயற்சிகள் கைகூடும்’ என்று போட்டிருந்தீர்கள், நன்றி. மூன்றாவது வாரம் முத்திரை அளவில் ஒரு பிழைதிருத்தம்: ‘இரண்டாம் பகுதியில், அழிப்பதற்கு முன் அவசியம் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளவும் என்ற வரி இடமின்மையால் விடுபட்டுவிட்டது, வருந்துகிறோம்.’ அடடா, என்ன நாகரிகம். எங்கள் தோட்டத்தில் லயச் சுவரை எத்தனையோ தடவை இடித்திருக்கிறோம். சனங்களை முதலில் வேறு இடத்தில் குடிவைக்காமல் ஒரு கல்லைத் தொட்டது கிடையாது. இது தெரிந்த நானே இடித்திருக்கிறேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

நேற்று வந்த இதழில், தும்பி ஐயா கட்டாருக்குப் போய்விட்டதால் தொடர் நிறைவடைகிறது என்று கண்டேன். அவர் அங்கே நல்லா இருக்கட்டுங்க. போறவரு என் பெட்டிய ஒரு வழி பண்ணிட்டுப் போயிருக்கக் கூடாதா? இன்று காலை தங்கள் ஆபிஸுக்குப் போன் பண்ணினேன். படுத்துவிட்ட விஷயமாகப் பேச வேண்டும் என்றதும், எடுத்த பிள்ளை என்னை மரண அறிவித்தல் பகுதிக்கு மாற்றிவிட்டது. அங்கிருந்தவர் மிகவும் பண்போடு பெயரும் வயதும் கேட்டார். வயது பதினான்கு என்றேன். மனுஷன் குரல் தழுதழுத்து, படத்தோடு போட்டால் அரைக் கட்டணம் என்றார். அவரை ஏமாற்ற மனம் வராமல் வைத்துவிட்டேன்.

இராக்கம்மா தினமும் இங்குள்ள தோட்டத்தில் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிற வழியில் எட்டிப் பார்ப்பாள். திட்டினாலாவது பரவாயில்லை. “ஐயா, பெட்டி எழும்பிருச்சுங்களா?” என்று மட்டும் கேட்பாள். நாளைக்கு எழும்பிரும் என்பேன். நாலு வாரமா இதேதான் சொல்றேங்க. பொய் சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமா இருக்கு. இரண்டு நாளாக அவள் வரும் நேரத்தில் நான் பின்வாசலால் கடைக்குப் போய்விடுகிறேன்.

ஆகவே தாங்கள் மூன்றாம் பகுதியை உடனே தனித்தாளிலாவது அச்சடித்து அனுப்ப வேண்டும், அல்லது தும்பி ஐயாவின் கட்டார் விலாசத்தைத் தர வேண்டும். இரண்டும் முடியாதென்றால் என் வருடச் சந்தாவை இன்றோடு நிறுத்திவிடுங்கள். இனி உங்கள் பத்திரிகையை என் வீட்டு வாசற்படி ஏற விடமாட்டேன்.

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் சேலைக்கடை விளம்பரதாரர்களும் நீடூழி வாழ முருகனை வேண்டும்,

மு. சின்னராசா

பி.கு. (நவம்பர் 28)

கடிதத்தை ஒட்டிக்கொண்டிருந்தபோது இராக்கம்மா அன்று நேரத்தோடு வந்துவிட்டாள். தப்ப வழியில்லை, காம்பரா இடித்த கதை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெட்டியை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

“நீங்க இடிச்சது வாசப்பக்கந்தானேங்க? மண்ணு வந்து எங்க வாசல அடைச்சப்போ பின்செவர ஒடைச்சுத்தான் புள்ளைகள எடுத்தோம். கடுதாசி வச்ச ட்ரங்குப் பெட்டிதான் உள்ளயே போயிருச்சு. இதுக்குப் பின்பக்கம் இல்லீங்களா?”

பெட்டியைத் திருப்பினேன். பின்னால் நாலு ஸ்குரூ. கழற்றினால் ஹார்ட் டிஸ்க் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. நான் அழித்தது சிப்பை மட்டும்தான் ஐயா, டிஸ்க்கில் கீறல்கூட இல்லை. நௌபர் கடைக் கணினியில் மாட்டிய ஐந்தாவது நிமிடம் கடிதம் வந்தது. என் தட்டெழுத்துப் பொறியில் ஒரு எழுத்து எப்போதும் வரிக்கு மேலே ஏறி நிற்கும், அதுகூட அப்படியே இருந்தது. இதை முதலிலேயே கேட்டிருந்தால் வயரே தேவைப்பட்டிருக்காது என்றார் நௌபர். அவர் பார்வையைப் பற்றி எழுதியது சரிதான்.

நேற்று விசாரணையில் இராக்கம்மாவின் பெயர் ஏறிவிட்டது. எனவே மேலே எழுதிய அத்தனையையும் அடித்துவிடுங்கள். சந்தாவையும் நிறுத்த வேண்டாம். ஆனால் மூன்றாம் பகுதி கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அவள் இன்றைக்கும் வந்து நிற்கிறாள்.

“பேருதான் ஏறியிருக்குங்க, வீடு எப்ப வருமோ,” என்கிறாள். “அதுவரைக்கும் கடுதாசி குடியிருக்க ஒரு எடம் வேணுமே. பெட்டிய எழுப்பிருங்க ஐயா.”